மூன்றாம் இடம்

எண்ணிக்கை முடிந்த இரவில்
கூடாரத்தில் மிஞ்சியவை
யாரும் தொடாத இரண்டு தாம்பாளம் மச்பூஸ்,
அடுக்கிவைத்த நாற்காலிகள்,
நான்,
கானிம் அல் புஹைரி.

செருப்பைக் கழற்றிவிட்டு
கம்பளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து
ஒரு தாளில் கூட்டிக்கொண்டிருந்தார்.
மூன்று தடவை கூட்டியும்
எழுநூற்றுப் பதினான்குதான் வந்தது.

எட்டு வருஷம் பலதியா கவுன்சிலில் இருந்தவர்.
முஹரக்கின் பழைய சந்துகளில்
எந்த மூடியைத் திறந்தால்
எந்த வீட்டுக் குளியலறை மூச்சுவிடும் என்று
தெரிந்தவர்கள் இரண்டே பேர்.
மற்றவன் நான். கழிவுநீர் லாரி ஓட்டுகிறவன்.
மழை பிடித்தால் முதல் அழைப்பு அவருக்கு,
அடுத்தது அவரிடமிருந்து எனக்கு.
வெள்ளைத் தோபை முழங்காலுக்கு மேல் முடிந்துகொண்டு
டார்ச் பிடிப்பார்.
நான் குழாயை இறக்குவேன்.
அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும்
மூக்கு ஒன்றுதான்.

பிறகு யாரோ சொல்லியிருக்கிறார்கள்,
சாக்கடை போதும், சட்டம் செய்யப் போ என்று.
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் கூடாதாம், விதி.
சேற்றை விட்டார்.

இருபத்தோரு ராத்திரி
குளித்து, சட்டை மாற்றி, டீ ஊற்றினேன்.
வந்தவர்களெல்லாம் மூக்கோடு மூக்கு உரசி
'நீதான், நீதான்' என்றார்கள்.
அரபி எனக்குப் பாதிதான் தெரியும்.
பொய் மீதிப் பாதியில் இருந்திருக்க வேண்டும்.

எனக்கு ஓட்டு இல்லை.
இங்கே இருக்க நியாயமும் இல்லை.
அறந்தாங்கியில் இருந்தது.
போன தையில் தம்பி சொன்னான்,
பட்டியலில் பேரை அடித்துவிட்டார்களாம்:
'நிரந்தரமாக இடம் மாறியவர்.'
நிரந்தரமாக.
என் விசாவில் இரண்டு வருஷம் என்றல்லவா
போட்டிருக்கிறது.

தோற்ற நான்காம் நாள்
நீலக்கதவு வீட்டு உம் பத்ரிய்யா
குழாயைத் தாண்டிப் போகும்போது சொன்னாள்:
'அவனுக்கா? போடவில்லை.
அவன் அங்கே போய்விட்டால்
இங்கே யார் வருவார்?'
எதிர்வீட்டிலும் அதே பேச்சு.
ஒரு மனுஷன் வேண்டும் என்பதற்காகவே
அவனைத் தோற்கடித்த தெருவை
அன்றுதான் பார்த்தேன்.
அவரிடம் சொல்லவில்லை.

பதாகைகளைக் கழற்ற
நாற்பத்தெட்டு மணி நேரம் கெடு. மீறினால் அபராதம்.
அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்ததே அவர்தான்.
நான் ஏணியைப் பிடிக்க
அவரே ஏறி, தன் முகத்தைத் தானே சுருட்டி
அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினார்.
ரவுண்டானாவில் இருந்த பெரியதை நீட்டி,
'கேம்ப்புக்கு ஆகுமா?' என்றார்.

ஆயிற்று.
சமையல் கொட்டகைக்கு மேல்
வெள்ளைப் பக்கம் வெயிலுக்கு,
முகம் எங்களுக்கு.
ஒன்பதடி கானிம்
ரசத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்.
தாளிக்கிற புகையில்
இடது கண் மட்டும் பழுத்துவிட்டது.
'உங்கள் குரல் அங்கே கேட்கும்' என்று
கீழே எழுதியிருப்பதாக
வங்காளத்துச் சபீர் எழுத்துக் கூட்டிச் சொன்னான்.
குக்கர் விசிலடித்தது.

நேற்று மழை.
இரண்டு மணிக்கு போன்.
'நான் இப்போது யாருமில்லை' என்று ஆரம்பித்தவர்
'பள்ளிவாசல் பின்சந்து, மூன்றாவது மூடி'
என்று முடித்தார்.

போனேன்.
சந்து முனையில் அவருடைய கார்.
இறங்கவில்லை.
முன்விளக்கு இரண்டும் சரியாக மூடியின் மேல் விழுந்தன.
குழாயை இறக்கினேன்.
தண்ணீர் வடிய வடிய
மாடி ஜன்னல் ஒன்று திறந்து
புதுக் கவுன்சிலர் பேரைச் சொல்லி வாழ்த்தியது.

நான் காரைப் பார்த்தேன்.
விளக்கு ஒருமுறை தாழ்ந்து
மறுபடி எரிந்தது.
மூடியின் ஓரத்தில்
இன்னும் கொஞ்சம் இருந்தது.