இருநூறுக்கு ஒன்று

குளிக்கரை தாண்டி, ஆற்றுப் பாலத்துக்கு முன்னால்
ரயில் பாதை ஏறுகிறது.
நின்று பார்த்தால் தெரியாது.
குனிந்து பார்த்தாலும் தெரியாது.
இருநூறு அடி நடந்தால் ஓர் அடி உயர்ந்திருப்போம்.
இந்தத் தட்டையான ஊரில் அதை அறிந்தவை இரண்டு:
வாய்க்கால் தண்ணீர்,
ஐம்பத்தெட்டு வேகன் காரைக்கால் நிலக்கரி.

வேண்டுமென்றே அங்கே நிறுத்தினோம்.
நிறுத்துவது எளிது.
கிளப்புவதுதான் சோதனை.

எஞ்சினுக்கும் முதல் வேகனுக்கும் நடுவே என் பெட்டி.
கொக்கியில் ஒரு மானி,
அதன் வயர் என் மடிக்கணினி வரை.
மணி ஐந்து பத்து. மாசிப் பனி.
வாக்கி டாக்கியில் கலியபெருமாள்:
"எடுக்கலாமா மேடம்?"
"எடுங்க."

இருபது டன். முப்பது. முப்பத்தெட்டு.
இணைப்புகள் ஒவ்வொன்றாய் விறைக்கும் சத்தம்
பின்னால் ஓடி ஓடி
பனிக்குள் எங்கோ தேய்ந்தது.
நாற்பத்தொன்றில்
திரையின் கோடு மடிந்து உட்கார்ந்தது.
ஆறு அச்சும் நின்ற இடத்திலேயே சுற்றின.

டார்ச்சோடு இறங்கிய ஹாஜா மைதீன்
ஒரே வார்த்தையோடு ஏறி வந்தான்:
"சேறு."
ராத்திரி கேட்டைக் கடந்த பெல்ட் மெஷின்
வயலின் களிமண்ணைத்
தண்டவாளத்தின் முதுகில் பூசிவிட்டு
அடுத்த அறுவடைக்குப் போயிருக்கிறது.

ஆறாயிரம் குதிரைத்திறன்.
நொடிக்கு நூறு முறை வழுக்கலைக் கணக்கிட்டு
விசையைக் கூட்டிக் குறைக்கும் மென்பொருள்.
"ரொம்பப் படிச்ச எஞ்சின்" என்றார் கலியபெருமாள்,
"சேத்துல எறங்கினதில்ல."

இரண்டாம் முறை மணல் தூவினோம்.
சக்கரத்தடியில் குழாய் சீறியது.
நாற்பத்து நான்கு வரை வந்து
மறுபடி வழுக்கியது.
எந்த ஆற்று மணல் என்று கேட்டேன்.
"ஷெட்ல மூட்டையா வரும், வறுத்து, சலிச்சு.
ரசீதுல ஆறு இருக்காது மேடம்."

மோட்டார் ஆறக் கால் மணி நேரம்.
எஞ்சினை ஒரு நீளம் பின்தள்ளி நிறுத்திவிட்டு
ஆறிப்போன டீயைக் குடித்தோம்.
கேட்டுக்கு அந்தப் பக்கம்
பால் வண்டி, இரண்டு டிராக்டர்,
ஸ்கூட்டரில் சீருடைப் பிள்ளைகள்,
ஓயாத ஹாரன்.

மூன்றாம் முறை
நாற்பத்தாறு. நாற்பத்தேழு.
நாற்பத்தெட்டில் என் டம்ளர் லேசாக நகர்ந்தது.
பிறகு ஜன்னலில் ஒரு கம்பம் நகர்ந்தது.
கேபினில் யாரோ விசிலடித்தார்கள்.

கேட்டைக் கடக்கும்போதுதான் பார்த்தேன்:
கேட்கீப்பர் தையல்நாயகி,
ஒரு கையில் பச்சைக் கொடி,
இன்னொரு கையில் சேறு சொட்டும் சாக்கு,
இடுப்பில் செருகிய கொத்துக்கரண்டி.
"எவ்ளோ நேரந்தான் சாத்தி வச்சிருக்கறது?"
என்று எஞ்சினைப் பார்த்துக் கத்தினார்.

பாதையைத் தொடக் கூடாது என்பது விதி.
இழுத்தது மணலா, மென்பொருளா,
ஒரு மூட்டைச் சாக்கா?
படிவத்தில் 'தண்டவாள நிலை' என்றொரு கட்டம்.
உலர்ந்தது, ஈரம், எண்ணெய்ப் பசை:
மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.
'வெற்றி' என்று அடித்தேன்.
அழித்தேன்.
சுட்டி துடித்துக்கொண்டிருந்தது.

பாலத்தின் மேல் ஏறியபோது
கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு பேசினார்:
வண்டி முழுக்க கேட்டைத் தாண்டிவிட்டது,
கேட் திறந்தாயிற்று,
பால் வண்டியை முந்திக்கொண்டு முதலில் நுழைந்தது
அந்த பெல்ட் மெஷின்தான்,
வேறெங்கோ அறுத்துவிட்டுத் திரும்பி,
பெல்ட் நிறையச் சேறோடு.