ஐம்பதாவது மணி நேரம்

ஹங்கேரியில் மார்ச் மழை.
பள்ளி முடிக்க ஐம்பது மணி நேரச் சேவை வேண்டும்;
எனக்கு இன்னும் இரண்டு பாக்கி.

ஏரிக்கரைச் சாலையில்
டார்ச்சும் வாளியுமாய் பொரோகாவும் நானும்.
லாரிகள் வருமுன் தேரைகளைப் பொறுக்கி
அந்தப் பக்கம் விடுகிறோம்.

முதுகில் ஆணைச் சுமந்து வரும் பெண் தேரை,
ஒன்றா, இரண்டா?
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
“ரெண்டுன்னு போடு” என்கிறாள்,
ஈரக் கையுறையால் மூக்கைத் துடைத்தபடி.

ஒன்பது மணிக்கு
இல்டிகோ டீச்சர் கார் பானெட்டின் மேல் வைத்துக்
கையெழுத்திட்டார்.
ஐம்பது.

பொரோகாவுக்கு இன்னும் பதினொன்று.
பேருந்து வந்தது, ஏறினேன்.
வைப்பர் துடைத்த கண்ணாடியில்
சாலை நெடுகச் சின்னச் சின்ன மேடுகள்.
ஓட்டுநர் வேகம் குறைக்கவில்லை.

என் இருக்கை
சக்கரத்துக்கு நேர் மேலே.