ஏழாவது ஷரத்து

இருபது ரூபாய்ப் பத்திரத்தில்
பதினொரு மாதத்துக்கு எழுதியது:
"சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவரைச் சேர்ந்தவை.
பெரும்பழுதுகள் வீட்டுக்காரரைச் சேர்ந்தவை."
கையெழுத்துப் போடும்போது அந்தச் சில்லறை
கண்டக்டர் தர மறந்த மீதியைப் போலத்தான்
தெரிந்தது எனக்கு.

தை மாதம், தலைக்குந்தா.
விடியும்போது புல்வெளி முழுக்க உப்பளம்.
சாயல்குடிக்காரிக்கு உறைபனி
வேறெப்படித் தெரியும்.
ஏழரைக்கு வெயில் கிழக்குச் சுவரைத் தொட்டது.
குளியலறைக்குள் படீரென்று ஒரு சத்தம்.
எட்டு நாள் காத்திருந்து பிடித்த தண்ணீர்
என் அரிசிப் பையை நனைத்து
படியிறங்கிப் போனது.

நஞ்சன் தோட்டத்திலிருந்து வந்தார்.
நாலு மணிக்கே எழுந்து ஸ்பிரிங்க்ளர் போட்டு
கேரட் தழையிலிருந்து பனியைக் கழுவிக்கொண்டிருந்தவர்.
பூட்ஸில் சேறு என்பதால்
வாசலிலேயே நின்று கேட்டார்:
"டேப்பா, பைப்பா?"
டேப் என்றால் நான்.
பைப் என்றால் அவர்.

காந்தலிலிருந்து இஞ்ஞாசி வந்து
உளி வைத்து நாலு தட்டுத் தட்டி
"எல்போ" என்றார்.

ஷரத்தில் எல்போ இல்லை.
பாதி மரை சுவருக்குள்,
பாதி மரை என் பக்கெட்டுக்கு மேலே.
"உள்ளே இருக்கிறது ஓனரோடது" என்றேன்.
"வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிறது?" என்றார் நஞ்சன்.
பற்றவைக்காத பீடியை வாயில் வைத்தபடி
"வேணும்னா அளந்து சொல்றேன்" என்றார் இஞ்ஞாசி.
யாரும் சிரிக்கவில்லை.
கேரட் மூட்டை என்ன விலைக்குப் போகிறதென்று
நஞ்சன் சொன்னார்.
ஆஸ்பத்திரியில் மாத்திரை எண்ணிக் கொடுப்பதற்கு
எனக்கு என்ன வருகிறதென்று நான் சொன்னேன்.
தண்ணீர் அது பாட்டுக்குச்
சொட்டிக்கொண்டிருந்தது.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.
மார்கழியிலேயே அவர் சொல்லியிருந்தார்:
"ராத்திரி டேப்பை நூல் மாதிரி விட்டு வைங்க மேடம்,
ஓடுற தண்ணி உறையாது."
முதல் நாள் விட்டேன்.
போர்வைக்குள் கிடந்து
ஒவ்வொரு சொட்டையும் குடத்தில் சேர்த்தேன்.
கால் குடம். அரைக் குடம்.
குடம் ஏழு ரூபாய்க்கு
லாரிக்குப் பின்னால் ஓடி வாங்கிய கை இது.
எழுந்து போய் இறுக்கியது.
மறுநாளும் இறுக்கியது.
பதினாறு ராத்திரி.

இஞ்ஞாசி ரெஞ்சைப் போட்டு முறுக்கியபோது
எல்போ தனியாக வரவில்லை.
துரு, துருவைச் சுற்றி சைக்கிள் ட்யூப்,
ட்யூபுக்கு மேல் சிமெண்ட்,
சிமெண்டுக்கு மேல்
நான் குடிவருவதற்கு முந்தைய வாரம் அடித்த
நீல டிஸ்டம்பர்.

நஞ்சன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு,
"ராத்திரி தண்ணி விட்டிருந்தீங்கதானே?" என்றார்.
நான் கேட்டேன்:
"இது எந்த சைக்கிளோட ட்யூப்?"
கொஞ்ச நேரம் யோசித்து,
கோர்ட்டில் சாட்சி சொல்பவரைப் போல
"என் தம்பியோடது" என்றார்.

அதற்குமேல் எதுவும் கஷ்டமாக இல்லை.
எல்போவும் இரண்டடி பைப்பும் அவர்.
கூலி நான்.
இஞ்ஞாசியின் டீக்கு
இருவரும் ஒரே நேரத்தில் பையில் கைவிட்டோம்.

சுவரில் உளி விட்டுப்போன பள்ளத்தை மட்டும்
யாரும் பேசவில்லை.
கூட்டுறவு வங்கிக் காலண்டரை
அதன்மேல் மாட்டினேன்.
குளியலறையில் காலண்டர் மாட்டிய வீடு
ஊட்டியில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.
பிப்ரவரி ஐந்தாம் தேதி
வாடகைக்கு வந்தவர் எட்டிப் பார்த்து,
"தையும் முடியப்போகுது, இனி பனி குறைஞ்சிடும்" என்றார்.
தாளைத் தூக்கிப் பார்க்கவில்லை.

இப்போதெல்லாம் ராத்திரி டேப்
நூல் மாதிரி ஓடுகிறது.
அடியில் பக்கெட் வைத்திருக்கிறேன்.
அது நிறைவதற்குச் சற்று முன்
எப்படியோ விழிப்பு வந்துவிடுகிறது,
எழுந்துபோய்
அடுத்த பக்கெட்டை நகர்த்தி வைக்கிறேன்.