முகம் அச்சிட்ட துணி

முஃபுலிராவில் அந்த வாரமும்
உருக்காலையின் கந்தகம் தொண்டையைச் சுரண்டியது.
பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு
லாரியில் வந்து இறங்கின சிட்டெங்கே துணிகள்.
இடுப்பில் சுற்றினால் உடுப்பு,
முதுகில் கட்டினால் பிள்ளைக்குத் தொட்டில்.
மஞ்சள் நிறம். நடுவில் அவர் முகம்,
முகத்தைச் சுற்றிச் சோளக்கதிர்.

நூற்றிருபது என்றது ரசீது.
பொருளாளர் நான், எண்ணினேன்.
நூற்றுப் பதினெட்டு.
கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிறன்று பாடகர் குழு முழுக்க அவர்தான்.
பின்வரிசையில் மட்டும் பன்னிரண்டு முறை சிரித்தார்.
முழங்காலிட்டபோது மடங்கினார்.
நமுகோலோ உடம்புக்காரி,
அவள்மேல் அவர் கன்னம் அகன்றிருந்தது.

போதகர் கசோண்டே
பிரசங்க பீடத்தில் அரையடி நகர்ந்தார்.
அந்த அரையடியில் வேட்பாளர் ஏறி நின்றார்.
கூரைத் தகடு நாற்பது, என்றார்.
அல்லேலூயா, என்றோம்.
நானும்தான்.
மழைக்காலத்தில் மூன்றாம் பெஞ்சுக்கு அடியில்
வாளி வைக்கிறவள் நான்.

நடைபாதைக்கு அந்தப் பக்கம் என் தங்கை மும்பி,
ஊதாத் துணி, வேறொரு முகம்.
சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் நேரத்தில்
அவளுக்குப் பிள்ளையின் மூக்கைத் துடைக்க வேண்டியிருந்தது.
எனக்குப் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேட வேண்டியிருந்தது.
அவளும் உபவாசம் இருந்தாள், நானும் இருந்தேன்.
ஒரே தகப்பனிடம்
ஒரே தேதிக்கு இரண்டு விண்ணப்பம்.
தேசத்துக்கு நல்லது செய்யும் ஆண்டவரே என்று தொடங்கியவள்
ஐயாயிரம் ஓட்டு வித்தியாசம் போதும் என்று முடித்தேன்.
ஆமென் மட்டும்தான் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது.

ஓட்டுக்கு மூன்று நாள் முன்பு
பேருந்து நிலையத்தில் கல் பறந்தது.
சிசெங்காவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்,
ஆராதனையில் மேளம் அடிக்கிற பையன்.
ஆலய வாசற்படியில் கிடத்தினார்கள்.
நெற்றியிலிருந்து காதுவரை பிளந்திருந்தது.

எந்தக் கட்சிப் பையன்கள் கூட இருந்தான்
என்றுதான் முதலில் கேட்டேன்.
காயம் எங்கே என்று பிறகுதான்.
யாரும் கவனிக்கவில்லை.
எல்லாரும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இடுப்புத் துணியை அவிழ்த்து அழுத்தினேன்.
புதுத் துணி, கஞ்சி போகாத துணி.
இரத்தம் அதன்மேல் உருண்டு
சோளக்கதிர் வழியே தரைக்கு இறங்கியது.
ஒரு சொட்டு உறிஞ்சவில்லை.

மும்பி முதுகிலிருந்து பிள்ளையை இறக்கினாள்.
பிள்ளையைக் கட்டியிருந்தது எந்தத் தேர்தல் துணியோ,
துவைத்துத் துவைத்து
முகம் போய் நெற்றி மட்டும் மிச்சம்.
எங்கள் ஆளா, அவர்கள் ஆளா,
தோற்றவரா, ஜெயித்தவரா, தெரியவில்லை.
மூத்திர வாடை அடித்தது.
அது உறிஞ்சியது.

காசைக் காட்டி இது யார் முகம் என்று கேட்டவரிடம்
அன்று இரவு நான் கேட்க நினைத்தேன்:
காசை இராயனிடம் திருப்பித் தந்துவிடலாம், சரி.
இடுப்பில் கட்டிய முகத்தை?
கேட்காமலே தூங்கிவிட்டேன்.

மனம் மாறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.
வரிசையில் நான்கு மணி நேரம் நின்று
மஞ்சளுக்கே போட்டேன்.
சாலை போடுவார் என்று இன்னமும் நம்புகிறேன்.
அடுத்த ஞாயிறு இராப்போசனத்தில்
கட்டைவிரல் மையோடு அப்பத்தை வாங்கினேன்.
என் பக்கத்தில் முழங்காலிட்டவளின் விரலிலும் அதே மை.
மும்பி என்று நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது.
பேசிக்கொள்ளவில்லை.
பிள்ளை என் காதணியைப் பிடித்து இழுத்தது,
இழுக்கட்டும் என்று விட்டேன்.

செப்டம்பரில் தகடு வந்தது.
நாற்பது என்றது ரசீது.
எண்ணினேன், பதினாறு.
கையெழுத்துக்குப் பக்கத்தில்
பதினாறு என்று எழுத்தால் எழுதினேன்.
போதகர் அந்தச் சொல்லை வெகுநேரம் பார்த்தார்.
லாரிக்காரன் பேனாவைத் திருப்பிக் கேட்டான்.

மூன்றாம் பெஞ்சுவரை தகடு எட்டவில்லை.
வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.