வேம்பாத்துச் சவேரியாயிக்கு

ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு வரி.
கர்மேலாள், பெண், வயது ஏழு மாசம்.
தகப்பன் பெயருக்கு எதிரே மைக்கறை.
தாய் பெயருக்கு எதிரே
"கடலுக்கு அந்தப் பக்கம்".
பங்குச்சாமியார் எழுதியது அவ்வளவுதான்.
அந்தக் கர்மேலாளுக்கு ஐந்தாம் தலைமுறை நான்.

கூடவே ஒரு காகிதம் இருந்தது,
தேவமாதா படத்துச் சட்டத்தின் முதுகில்,
கரையான் தின்றது போக மீதி.
வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து.
மந்திரத் தகடு என்பார் அப்பா.
வீட்டை விற்றபோது
சட்டத்தை மாமா எடுத்துக்கொண்டார்,
நான் காகிதத்தை.

முகரக்கில் எனக்கு இரவு வேலை.
விமானச் சரக்குக் கிடங்கில் பில் அடிப்பது.
மீன், மாம்பழம், சில ராத்திரி சவப்பெட்டி.
மூன்று மணித் தேநீரின்போது
பக்கத்து மேசை ஜாசிமிடம் காகிதத்தை நீட்டினேன்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
எழுத்து எங்களுடையது, என்றான்.
வார்த்தை ஒன்றுகூட இல்லை.
சில எழுத்துக்குப் புள்ளி வேறு கூடுதல்.

சும்மா சத்தமாய் வாசி, என்றேன்.

"வேம்ஃபாத்துச் சவேரியாயிக்கு
சவுரா உம்மா எழுதி வைக்கும் காரியம்..."

ஃபோர்க்லிஃப்ட்டின் பின்னோக்கு மணி
விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.
நிறுத்தச் சொல்லி ஓடினேன்.
திரும்பி வந்து, முதலிலிருந்து, என்றேன்.

"ஃபிள்ளைக்குஃப் ஃபால் கொடுத்தாயே..."
பகரம் வாய்க்காத நாக்கு.
அதற்குமேல் என் காதே திருத்திக்கொண்டது.

ஒரு பருவத்தில் திரும்புவேன் என்று ஏறினேன்.
குளிக்கப் போன மனுஷர்
கயிற்றை அசைத்தாராம். இழுத்தார்களாம்.
கயிறு வந்தது.
அவர் பட்ட கடன் என் தலையில் இறங்கியது.
நாகுதா வீட்டில் மாவு அரைக்கிறேன்.
பிள்ளைக்கு நடை வந்ததா.
உங்கள் கோயிலில் தண்ணீர் ஊற்றினாலும் ஊற்று.
என் பேரைச் சொல்லாதே.
சொன்னால் கடன் அதைத் தேடி வரும்.

நடுநடுவே ஜாசிம் வாசிக்காமல் நின்றான்.
எண்கள்.
எனக்குத் தெரியாதது அவை மட்டும்,
அவனுக்குத் தெரிந்தது அவை மட்டும்.
பில்லின் பின்புறம் எழுதிக் காட்டினான்:
நூற்று நாற்பது. நூற்று அறுபத்தைந்து.
நூற்றுத் தொண்ணூறு.
மூன்று வருஷம், குறையவில்லையே, என்றான்.
எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நோட்டு உண்டு.
குளித்தவன் நோட்டா, நாகுதாவின் நோட்டா,
நான் கேட்கவில்லை.
ஏஜெண்டிடம் என் கணக்கையும் சொல்லவில்லை.

இதைச் சவேரியாயிக்கு யார் வாசித்திருப்பார்கள்?
ஊர் லெப்பை வாசித்திருக்கலாம்.
யாரும் வாசிக்காமல்
மாதாவுக்குப் பின்னால் சொருகியிருக்கலாம்.
ஆனால் பதிவேட்டில் பேர் இல்லை.
கேட்டவள் ஒருத்தி
பேசாமல் இருந்திருக்கிறாள்.

கடைசி வார்த்தை "வாரேன்".
அப்படியென்றால்?
வருகிறேன் என்று அர்த்தம்.
வந்தாளா?
போகிறவர்கள் சொல்வது அது என்று விளக்க
என் அரபும் அவன் இந்தியும் போதவில்லை.

வெள்ளிக்கிழமை மையவாடிக்குப் போனேன்.
கல் கல்லாக நட்டிருந்தது, பேரில்லாமல்.
யாரைத் தேடுகிறாய், என்றார் வங்காளிக் காவலாள்.
கடன்காரி ஒருத்தியை, என்றேன் தமிழிலேயே.
என்ன புரிந்ததோ,
தண்ணீர்க் குழாய் இருக்கும் இடத்தைக் காட்டினார்.
குடித்துவிட்டு வந்தேன்.

இப்போதெல்லாம் ஷிஃப்ட் முடிந்து
கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு
ஜாசிம் சொல்கிறான், வாரேன்.
ரகரம் கொஞ்சம் உருளும்.
பில்லிலிருந்து கண்ணெடுக்காமல்
ம், என்கிறேன்.