மோதி, மோதி

நூற்று நாற்பத்து மூன்றாம் நாள்.
குட்டாய்சியில் மழை விட்டிருந்தது,
பால்கனிக் கம்பிகளுக்கு இன்னும் தெரியவில்லை,
சொட்டிக்கொண்டிருந்தன.
ஒன்பது மாடிக் கட்டடங்களுக்கு நடுவே
துணிக்கொடிகளை எடுக்க வந்தவள் நான்.
எடுக்க என்றால், படம்.
எந்த ஊரிலும் முதலில் கொடியைத்தான் பார்ப்பேன்.
வீட்டில் எத்தனை பேர், என்ன வேலை,
குழந்தை தவழ்கிறதா நடக்கிறதா,
கேட்காமலே சொல்லிவிடும்.
கேட்காமலே எடுத்தும்விடுவேன்.

அப்படி ஒன்பதாயிரத்துச் சொச்சம் சேர்ந்திருந்தது.
சமர்கந்தில் ரொட்டிக்கு முத்திரை குத்தும் கை.
அல்மாட்டிப் பேருந்தில்
மீன்தொட்டியை மடியில் வைத்துத்
தண்ணீர் சிந்தாமல் தூங்கியவர்.
யெரவானில் சாக்பீஸ் விற்றவளின் வெள்ளை மூக்கு.
யாருக்கும் பெயர் கிடையாது,
கோப்பு எண் உண்டு.

நான்காம் கட்டட வாசலில்
ஒரு பழைய வாஷிங் மெஷின் நின்றது,
இடுப்பில் கயிறு கட்டி, காளை மாதிரி.
சுற்றி மூன்று பேர், ஆளுக்கொரு கட்சி.
அங்கே லிஃப்டுக்குக் காசு போட வேண்டும்.
போட்டார்கள்.
லிஃப்ட் காசை வாங்கிக்கொண்டது,
மெஷினை வாங்கிக்கொள்ளவில்லை.
இரண்டு விரல் அகலம் போதவில்லை.

நல்ல படம். முட்டி மடக்கி உட்கார்ந்தேன்.
பச்சை ஸ்வெட்டர்க்காரி திரும்பினாள்.
முறைக்கவில்லை, சிரிக்கவுமில்லை.
என் கேமராவைத் தாண்டி
இரண்டு கைகளையும் பார்த்தாள்.
"மோதி, மோதி" என்றாள்.
அவர்கள் மொழியில் வா, வா.
அதற்கப்புறம் ஏழு மாடியும்
தமிழில்தான் நடந்தது.

சுவரில் மோதி, கைப்பிடியில் மோதி,
கழுத்தில் தொங்கிய கேமரா
படிக்குப் படி தகரத்தில் மோதி.
எண்ணித் தூக்கினார்கள்.
மூன்று என்பது என் காதில் "சாமி" என்று விழுந்தது.
சாமி சொன்னால் எல்லோரும் தூக்க வேண்டும்.
நானும் சொன்னேன்,
வேறு காரணத்துக்காக.

நான்காம் மாடியில் ஜுஜுனா என்பவர்
கதவைத் திறந்து யோசனை சொன்னார்.
ஐந்தாம் மாடி வரை கேட்டது.
நோதர் தன் முதுகைச் சுவருக்குக் கொடுத்து
மெஷினைத் தொடையில் தாங்கிக்கொண்டு
எனக்கு ஒரு சிகரெட் நீட்டினார்.
எந்தக் கையால் வாங்குவது?

மேலே போய், குழாய் மாட்டி, ஒரு பிரச்சினை.
எதைப் போட்டு ஓட்டிப் பார்ப்பது?
வீட்டில் எல்லாம் துவைத்த துணி.
எல்லோரும் என் ஜீன்ஸைப் பார்த்தார்கள்.
சியாலா ஒரு பாவாடை கொண்டுவந்தாள்,
பூப்போட்டது, எனக்கு இரு மடங்கு.
ஐந்து மாதப் பையைக் கவிழ்த்தேன்.

பிறகு நாற்காலிகளை இழுத்துப் போட்டு
அந்த வட்டக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தோம்.
சோப்பு நுரை பழுப்பாகி
ஏதோ ஒரு பாலைவனமாகியது.
"சமர்கந்த்?" என்று நோதர் விரல் நீட்டினார்.
இருக்கலாம்.
ஒற்றைக் காலுறைகளைச் சிறுமி எலெனே எண்ணினாள்.
என் உள்ளாடை ஒன்று
கண்ணாடியில் முகம் ஒட்டி
எல்லோரையும் பார்த்துவிட்டுப் போனது.
யாரும் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை,
எல்லாம் தெரிந்துபோயிற்று.

சியாலா கப்பிக் கயிற்றை இழுக்க இழுக்க
என் சட்டைகள் ஒவ்வொன்றாக
எதிர்க் கட்டடத்துக்குக் கிளம்பின.
கீழே நான் உட்கார்ந்திருந்த இடம் தெரிந்தது.
ஒரு குட்டை, அதன் ஓரம் ஒரு நாய்.

இரவில் கேமராவைத் திறந்தால்
படிகளில் தானாக எடுத்துக்கொண்டவை பதினொன்று.
பத்து, இருட்டு.
ஒன்றில் பச்சைக் கம்பளிநூல், கயிறு,
வெள்ளைத் தகரத்தைப் பற்றிய சில விரல்கள், கலங்கலாக.
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
என்னுடையது எது என்று தெரியவில்லை.

மறுநாள் தில்லிசிக்குப் போவதாக இருந்தது.
மழை பிடித்துக்கொண்டது.
ஜீன்ஸ் காய மூன்று நாள்.