வேகம்: பேச்சு நிற்காத அளவு

நூலகப் பலகையில் நான் ஒட்டிய தாள் இவ்வளவுதான்:
ஞாயிறு காலை ஒன்பதரை.
ஸ்வான்ஸ் சாலைப் பாலத்தடி.
தூரம் ஒன்பது கிலோமீட்டர்.
வேகம்: பேச்சு நிற்காத அளவு.
யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம்.

கடைசி வரிக்குப் பிறகு
பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் இருந்தேன்.
நான் கிளப்களில் ஓட்டியவள்.
முதுகுகளைப் பார்த்தே பழகியவள்.
மேட்டுக்கு அப்பால் நிற்கிறோம் என்றவர்களின்
சிவப்புப் பின்விளக்கு
எவ்வளவு சீக்கிரம் சிறுக்கும் என்று தெரியும்.

சனி இரவு முழுக்கக் காற்றின் நினைப்பு.
கிரைஸ்ட்சர்ச்சில் தென்றல் என்றால்
பனிக்கண்டத்திலிருந்து வருவது, விரல் விறைக்கும்.
வாடைதான் இங்கே சுடும்.
நல்லவேளை, விடிந்தபோது கொண்டல்,
கடலின் ஈரத்தோடு, அளவாக.
போகும்போது எதிர்க்கும், திரும்பும்போது தள்ளும்.
கற்றுக்கொள்பவர்களுக்கு அந்த வரிசைதான் நல்லது.

ஆறு பேர் வந்தார்கள்.
தவிட்டா, பேக்கரியில் இரவு வேலை முடித்து நேராக,
புருவத்தில் மாவோடு, மகனின் சைக்கிளில்,
முழங்கால் தாடையைத் தொட.
ஹினேவாய், தலைக்கவசத்தை முன்பின் மாற்றி அணிந்து,
விலைச்சீட்டு காதருகே ஆட.
லுஸ்விமிண்டாவும் அவளோடு வந்த தோழியும்
ஒரே சைக்கிளோடு: மாறி மாறி ஓட்டுவோம்.
டெஸ்மண்ட், சங்கிலிக்குச் சமையல் எண்ணெய் விட்டுவிட்டு
எனக்கு ஆலோசனை சொல்ல வந்தவர்.
கடைசியாக ஷெரில். அறுபத்தோரு வயது.
பன்னிரண்டு வயதில் விட்டது, என்றாள்.
அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

கார் வராத தெரு வேண்டும்
என்றுதான் இந்த ஆற்றங்கரையைத் தேர்ந்தேன்.
நிலம் ஆடிய பிறகு
வீடுகளை அரசு வாங்கி அகற்றிவிட்ட இடம்.
தெரு இருக்கிறது. வேலி இல்லை;
வேலியோரம் நட்ட ரோஜாக்கள் மட்டும்
இன்னும் நேர்கோட்டில்.
ஓட்டிப் பழகத் தோதான இடம் என்பதற்கு மேல்
நான் யோசிக்கவில்லை.

ஷெரிலுக்குக் கிளம்பத்தான் வரவில்லை.
ஒரு கால் மிதியில், ஒரு கால் தரையில்,
இரண்டும் ஒன்றையொன்று நம்பாமல்.
மூன்றாம் முறை சாய்ந்தபோது
இறங்கிச் சுற்றும் பார்த்தாள்.
இங்கே ஒரு சரிவு இருக்குமே, என்றாள்.
இல்லை, இந்தப் பக்கம் முழுக்கத் தட்டை, என்றேன்.
வழித்தடம் போட்டவள் நான்.

அவள் புல்லுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள்.
புல்லுக்கு அடியில் கான்கிரீட் இருந்தது.
ஹேண்ட்பிரேக் போடாவிட்டால்
கார் தானாகத் தெருவுக்கு வந்துவிடும், என்றாள்
எங்கள் யாரையும் பாராமல்.
மேலே ஏறி உட்கார்ந்து
இரண்டு காலையும் தூக்கினாள்.

சைக்கிள் கிளம்பியது.
டெஸ்மண்டுக்கும் பேச்சு வரவில்லை.
தெருவில் வட்டமடித்து மறுபடி மேலே வந்தாள்.
சமையலறை இருந்த இடத்தில் திரும்பி,
கூடத்தின் குறுக்கே போய்,
வாசல் வழியாக உருண்டாள்.
ஏழு முறை. எட்டாவது முறை
தவிட்டா வரிசையில் நின்றான்.
பிறகு எல்லோருமே.

அந்த ஆப்பிள் மரம் எங்களுடையது அல்ல,
பக்கத்து வீட்டாருடையது, என்றாள்.
ஒன்றுகூடப் பறிக்க விடமாட்டார்கள்.
முதலில் பறித்தது அவள்தான்.

ஒன்பது கிலோமீட்டர் நான்கோடு நின்றது.
கடலையும் பார்க்கவில்லை, காப்பியும் குடிக்கவில்லை.
திரும்பும்போது காற்று தள்ள
முன்னால் எல்லோரும் ஒரே பேச்சு.
என் பின்சக்கரத்தில் முள்.
கூப்பிட்டேன். காற்று என் குரலையும்
அவர்கள் பக்கமாகத்தான் தள்ளியது.
ஒருவரும் திரும்பவில்லை.

டியூபை மாற்றி
ஒரு ஆப்பிளைக் கடித்தபடி வந்து சேர்ந்தேன்.
பாலத்தடியில் ஆறு பேரும் நின்றிருந்தார்கள்.
எனக்காக அல்ல.
சாலையைக் கடக்கப் பயந்து.
பரவாயில்லை.
நின்றார்களே.